இடது கைக்கு ஒரு திரை

கமாவின் மேசைமேல் லேமினேஷன் மெஷினைத் தூக்கி வைத்துவிட்டார்கள். இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அச்சகத்தில் அச்சு ஓட்டும் மெஷின்காரரின் பிறந்தநாளுக்கு எல்லோரும் சேர்ந்து நின்று எடுத்த படத்தைத் தம்பி போனில் அனுப்பியிருந்தான். பத்துப் பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். முப்பது வருடம் அச்சுப் பிழை தேடி மெய்ப்புப் பார்த்த கண்ணுக்கு முகங்களெல்லாம் அப்புறம்தான். அது நேராகப் படத்தின் ஓரத்துக்குப் போனது. ஜன்னலோரத்தில் அவள் மேசை. அதன்மேல் சாம்பல் நிறத்தில் அந்த மெஷின். அவள் நாற்காலியில் பிளாஸ்டிக் உறைகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன.

இடது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி, "என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறது?" என்று கேட்டாள். பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் வந்தது.

அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. இருபத்திரண்டு வயதில் அப்பாவின் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்த முதல் நாளே ஒரு கல்யாணப் பத்திரிகையில் பதினேழு கமா சேர்த்தாள். அன்றிலிருந்து அவள் கமா. சின்னவர்களுக்குக் கமா அக்கா. பிறகு கல்யாணமாகி, எட்டே மாதத்தில் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தபோது, "கல்யாணத்துல கமா வச்சுட்டு வந்திருக்கா, திரும்பிப் போயிடுவா" என்றார் அப்பா. "இல்லப்பா, முற்றுப்புள்ளி" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா போன பிறகு அச்சகம் தம்பி பேருக்கு வந்தது. அவள் சண்டை போடவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த நாற்காலி. அவள் பார்க்காமல் அந்தக் கட்டடத்தைவிட்டு ஒரு தாள் வெளியே போனதில்லை.

போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு ஒரு மாதத்தில் திரும்பியது, நடை நாலு மாதத்தில். வலது கை திரும்பவே இல்லை. தோளில் தொங்கிக்கொண்டு கூடவே வந்தது, அவ்வளவுதான்.

இந்த ஒரு வருடத்தில் எல்லோரும் அவளுக்கு உதவி செய்தார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தம்பி பெண்டாட்டி சட்டைப் பொத்தானைப் போட்டுவிட வந்தாள். பக்கத்து வீட்டம்மாள் ஸ்பூனைக் கையில் திணித்தாள். தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அச்சகத்திலிருந்து எப்போதோ அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பழைய கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். திறந்தால், திரை முழுக்க உள்ளங்கை அளவில் ஐந்து பொத்தான். பாட்டு, படம், வானிலை, போன், கடிகாரம். மேலே பூப்போட்ட எழுத்தில் "வணக்கம்". இடது கைக்கென்று தனியாக ஒரு மவுஸும் வாங்கி வந்திருந்தான்.

"உனக்கு ஈசியா இருக்கும்க்கா. பாட்டு கேளு. வானிலை பாரு."

"வானிலைய எதுக்குடா இதுல பார்க்கணும்? ஜன்னல் இல்லையா வீட்ல?"

"அச்சகத்தைப் பத்திக் கவலைப்படாதே. நீ வராட்டியும் உனக்கு வர்றது மாசா மாசம் வந்துடும்."

"நாற்காலி?"

"அது எங்கக்கா போகப்போகுது" என்றான். அது எங்கே போயிற்று என்பதைத்தான் அந்தப் படம் காட்டியது.

படம் வந்த மறுநாள் காலை, கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த ரிப்பேர் கடைக்குப் போனாள். கடை ஒரு பெண்ணுடையது. முப்பது வயதிருக்கும். காதில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருப்பாள். அதனால் தெருவே அவளை ஸ்க்ரூ என்றது. அவளும் போனை எடுத்ததும் "ஸ்க்ரூ பேசறேன்" என்றுதான் சொல்வாள்.

"இந்த அஞ்சு பொத்தானையும் அழிச்சுடு" என்றாள் கமா.

"அழிச்சுட்டு என்னக்கா போடறது? பழைய சாஃப்ட்வேரோட புதுசு இந்தப் பெட்டியில ஏறாது. லினக்ஸ்னு வேற சிஸ்டம் இருக்கு, அதைப் போட்டாதான் ஓடும்."

"எனக்கு மூணு காரியம் நடக்கணும். மெய்ப்பைத் திறந்து படிக்கணும். பக்கத்துலயே தப்பை எழுதி வைக்கணும். அகராதி பார்க்கணும். மூணும் இந்த ஒரு கையால. மவுஸைத் தொட மாட்டேன்."

"இடது கை மவுஸ் இருக்குமே."

"இருக்கு. கை கீபோர்டுலேர்ந்து மவுஸுக்குப் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள நான் படிச்ச வரி போயிடுது. ரெண்டு கை இருக்கிறவங்களுக்கு ஒரு கை அங்க, ஒரு கை இங்க. எனக்கு அப்படியில்ல."

ஸ்க்ரூ கொஞ்ச நேரம் அவள் கையைப் பார்த்தாள். பரிதாபமாக இல்லை, கழன்ற போர்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கமாவுக்கு அது பிடித்தது.

லினக்ஸில் உள்ளே ஓடுவது ஒன்றுதான் என்றாலும், மேலே தெரியும் முகப்பை நாமே பொறுக்கிக்கொள்ளலாம் என்றாள் ஸ்க்ரூ. மூன்று பென்டிரைவில் மூன்று முகப்பைப் போட்டுக் கொடுத்தாள். எதையும் பெட்டியில் ஏற்றாமல், செருகி ஓட்டிப் பார்த்துவிட்டு உருவிவிடலாம். "துணிக்கடையில போட்டுப் பார்க்கிற மாதிரி. எதுவும் பிடிக்கலேன்னா வந்து திட்டுங்க."

கமா நாளுக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள்.

முதலாவது க்னோம். அழகு என்றால் அழகு, துடைத்து வைத்த மேசை மாதிரி. இடதுபக்கம் ஒரு பொத்தானை அழுத்தினால் திறந்திருப்பதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. பேரைத் தட்டினால் வேண்டியது வந்தது. அரை நாள் அவளுக்கு இதுதான் என்றே தோன்றிவிட்டது. ஆனால் மெய்ப்பையும் குறிப்பையும் எத்தனை முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும், மூன்றாவதாக அகராதியைத் திறந்ததும் அது வந்து மேலே உட்கார்ந்துகொண்டது. விருந்தாளியாகப் போன வீட்டில் நாற்காலியை நகர்த்தலாமா கூடாதா என்று யோசிப்பதுபோல ஒரு கூச்சம் அவளுக்கு.

இரண்டாவது கேடிஈ. இதில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றுவதற்கென்றே ஒரு ஊர் அளவுக்குப் பக்கங்கள் இருந்தன. மவுஸில்லாமல் அவளுக்கு வேண்டிய இடத்துக்குப் போக டேப் பொத்தானை நாற்பத்து மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. எண்ணினாள். நாற்பத்து நாலாவது முறை கை தவறி அழுத்தி, அந்த இடத்தைத் தாண்டிவிட்டாள்.

மூன்றாவது எக்ஸ்எஃப்சிஈ. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சட்டை போல உடனே பழகிவிட்டது. கிழட்டுப் பெட்டியும் அதில் மூச்சு வாங்காமல் ஓடியது. ஆனால் இதுவும் கையைப் பிடித்து மவுஸ் பக்கமே இழுத்தது. மாலையில் மூன்றையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள்.

"திட்ட வந்திருக்கீங்களா?"

"மூணும் நல்ல பிள்ளைங்க. ஆனா மூணும் ரெண்டு கை இருக்கிறவங்க வீட்டுப் பிள்ளைங்க."

அப்போதுதான் ஸ்க்ரூவின் சொந்த லேப்டாப்பைப் பார்த்தாள். கன்னங்கரேலென்ற திரை. படமில்லை, பொத்தானில்லை. நடுவில் ஒரு கோடு. இரண்டு பக்கமும் எழுத்து. "ஐயோ பாவம், கெட்டுப்போச்சா?"

"என்னோடதுக்கா. ஐ-த்ரீன்னு பேரு. இது முகப்பே கிடையாது. திரையில திறக்கிற ஜன்னலை அடுக்கி வைக்கிற வேலை மட்டும்தான் இதுக்கு." மூன்று பொத்தானைத் தட்டினாள். திரை இரண்டாகப் பிரிந்தது, மூன்றாகப் பிரிந்தது. எதுவும் எதன்மேலும் ஏறவில்லை. "ஒண்ணு திறந்தா மத்தது தானா ஒதுங்கி இடம் விடும். ஆனா இது உங்களுக்கு வேண்டாம்."

"ஏன்?"

"கஷ்டம்க்கா. எல்லாத்தையும் நாமளே எழுதணும். எனக்கே பழக ஆறு மாசம் ஆச்சு."

ஒரு வருடமாக வேண்டாம், வேண்டாம் என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காது. "எதுல எழுதணும்?" என்றாள் கமா.

ஸ்க்ரூ ஒரு ஃபைலைத் திறந்து காட்டினாள். வெறும் எழுத்து. வரிக்கு ஒரு கட்டளை: இந்தப் பொத்தானை அழுத்தினால் இடதுபக்க ஜன்னலுக்குப் போ, இதை அழுத்தினால் மூடு, இதை அழுத்தினால் பெரிதாக்கு. இருநூறு வரி இருக்கும். கமா குனிந்து மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனாள். ஸ்க்ரூ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கமா இடது கையை உயர்த்தி நிறுத்தினாள். மெய்ப்புப் படிக்கும்போது அவளிடம் யாரும் பேசக்கூடாது. அச்சகத்தில் அது சட்டம்.

"இதை பிரிண்ட் எடு" என்றாள் கடைசியில்.

"எதை? செட்டிங் ஃபைலையா?"

"எடு. வரிக்கு வரி நிறைய இடம் விட்டு எடு."

ஐந்து தாள் வந்தது. வீட்டுக்கு எடுத்துப் போய், பக்கத்திலேயே கீபோர்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கையெழுத்து இன்னும் கோணல்மாணல்தான். ஆனால் சிவப்புப் பேனா சிவப்புப் பேனாதான். வலது கை எட்டவேண்டிய ஒவ்வொரு எழுத்தையும் அடித்து நீக்கினாள். ஓரத்தில் இடது கை எட்டுகிற எழுத்தைப் போட்டாள். தேவையில்லாத வரிகளைச் சுழித்துத் தூக்கினாள். ஒரே கட்டளை இரண்டு இடத்தில் வருவதை அம்புக்குறி போட்டுச் சேர்த்தாள். ஊரார் எழுதியதையெல்லாம் திருத்திய கைக்கு, ஒரு கம்ப்யூட்டரையும் இப்படித் திருத்தலாம் என்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று கோபமே வந்தது.

மறுநாள் ஸ்க்ரூ அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "இதை நான் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டட்டுமா?" என்றாள்.

"முதல்ல ஏத்து. அப்புறம் மாட்டு."

பாதிக் கீபோர்டில் முழுத் தமிழ் எப்படி அடிப்பது என்பது இன்னொரு சிக்கல். அதற்கு ஸ்க்ரூ ஒரு குட்டிப் புரோகிராமைத் தேடிப் பிடித்தாள். கட்டைவிரலால் நீளப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், வலதுபக்கத்து எழுத்தெல்லாம் கண்ணாடியில் விழுந்தாற்போல இடதுபக்கத்துக்கு வந்துவிடும். விட்டால் திரும்பிப் போய்விடும். அதற்கும் ஒரு எழுத்து ஃபைல். அதையும் கமா பிரிண்ட் எடுத்துத் திருத்தினாள்.

மற்றச் சாமான்களை அவளே பொறுக்கினாள். மெய்ப்புப் படிக்க, பொத்தானிலேயே பக்கம் புரட்டுகிற ஒரு பிடிஎஃப் வாசிப்பான். எழுத, எந்த அலங்காரமும் இல்லாத ஒரு எடிட்டர். வாடிக்கையாளர்கள் அனுப்புவதைத் திறக்க லிப்ரே ஆபிஸ். மெய்ப்பின் மேலேயே கிறுக்குவதை விட்டுவிட்டாள். பக்கம், வரி, தவறு, சரி என்று பட்டியலாக எழுதுவது என்று முடிவு செய்தாள். "பட்டியலைப் பார்த்து உன் ஆளுங்க மாத்திக்கட்டும். அவங்களுக்குத்தான் ரெண்டு ரெண்டு கை இருக்கே" என்று, எதிரில் இல்லாத தம்பியிடம் சொல்லிக்கொண்டாள்.

எல்லாம் ஒழுங்காக நடந்ததென்று நினைக்கவேண்டாம். நாலாம் நாள், தேவையில்லாத வரி என்று கட்டளைத் திரையைத் திறக்கும் வரியையும் தூக்கிவிட்டாள். கம்ப்யூட்டர் விழித்தது, கறுப்புத் திரை வந்தது, அவ்வளவுதான். எதைத் தட்டியும் எதுவும் திறக்கவில்லை. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியவள் கணக்காக நின்றாள். போனில் ஸ்க்ரூ சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கண்ட்ரோல், ஆல்ட், எஃப் ரெண்டு. மூணும் இடதுபக்கம்தான் இருக்கு. கொல்லைக் கதவுக்கா அது. எப்பவும் திறந்திருக்கும்."

கையை நண்டு மாதிரி விரித்து அழுத்தினாள். திறந்தது.

ஏழு வாரம் போயிற்று. வேகம் பழையதில் பாதிதான். ஆனால் கண் பழைய கண்தான். ஒரு திங்கட்கிழமை காலை பெட்டி, திரை, கீபோர்டு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி அச்சகத்தில் போய் இறங்கினாள்.

தம்பி ஓடி வந்தான். "சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே. என்னக்கா இதெல்லாம்?"

"வேலைக்கு வந்திருக்கேன். மெஷினை எடு."

"ஒடம்பு இருக்கிற இருப்புல..."

"ஒடம்பை நான் பார்த்துக்கறேன். நீ மெஷினைப் பாரு."

மெஷின்காரர் ஒரு துணியால் கையைத் துடைத்தபடி தூரத்தில் நின்றார். துடைப்பதற்கு ஒன்றுமில்லாத கை அது. தம்பி உதட்டைக் கடித்தான். கடைசியில், "சரி, ஒரு வேலை தர்றேன். தீயணைப்புக்காரங்களுக்கு ஒரு கையேடு, அறுபத்து நாலு பக்கம். பார்த்துக் குடு. முடிஞ்சா நாற்காலி உன்னது. முடியலேன்னா நான் சொல்றதைக் கேட்டு வீட்ல இருக்கணும்" என்றான்.

"எழுதித் தரணுமா?"

"வாயால சொன்னா போதும்."

"சரி."

கணக்கு அறையின் மூலையில் ஒரு மடக்கு மேசை போட்டுக் கொடுத்தார்கள். அங்கேயே இரண்டு நாள் பார்த்தாள். தம்பி அரைமணிக்கு ஒருதரம் எட்டிப் பார்த்தான். ஒருமுறை அவள் கை கழுவப் போனபோது உள்ளே வந்து, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்போம் என்று எதையோ தட்டப் பார்த்தான். திரையில் தட்ட ஒன்றுமே இல்லை. மவுஸைத் தேடினான். அது ஒரு கட்டுத் தாளின்மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது, வயர் சுற்றி. இரண்டு மூன்று பொத்தானை அழுத்திப் பார்த்தான். ஜன்னல்கள் இடம் மாறி நின்று அவனை முறைத்தன. அவள் திரும்பி வந்தபோது திருடன் மாதிரி விலகினான்.

"என்னக்கா இது, ஒண்ணுமே இல்லையே இதுல."

"எல்லாம் இருக்கு. உனக்கில்ல."

இரண்டாம் நாள் மதியம் அவள் பட்டியலை முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தாள். அப்போதுதான் ஏதோ உறுத்தியது. பக்கம் மூன்றில் ஒரு தவறு. ஏழில் ஒன்று. பதினொன்றில் ஒன்று. பதினைந்தில் ஒன்று. எல்லாம் பக்கத்தின் நடுவில், நல்ல வெளிச்சத்தில் நிற்கிற தவறுகள். ஒரு சொல் இரண்டுதரம் வந்தது, ஒரு எண் தலைகீழாகப் போனது, இப்படி. இன்னொருமுறை மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். அப்புறம் பட்டியலை இரண்டாகப் பிரித்தாள். இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு தம்பியின் அறைக்குப் போனாள். மெஷின்காரரும் அங்கேதான் இருந்தார்.

"அறுபத்து நாலு பக்கம். பாரு" என்று முதல் தாளை வைத்தாள்.

தம்பி தன் மேசை டிராயரை லேசாகத் திறந்து உள்ளே பார்த்தான், மூடினான். முகம் மலர்ந்துவிட்டது. "பதினாறும் பிடிச்சிருக்கே. பிரமாதம்க்கா. ஒண்ணு கூட விடல."

"மொத்தமே பதினாறுதான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ இன்னும் எண்ணக்கூட இல்லையே."

மெஷின்காரர் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார். "நீங்க எங்க போறீங்க? இருங்க" என்றாள் கமா. அவர் இருந்தார்.

"நீ போட்ட தப்புடா இது. நாலு பக்கத்துக்கு ஒண்ணு, வரிசையா, நாத்து நட்ட மாதிரி. அச்சுல வர்ற தப்பு அப்படியா வரும்? இருபது பக்கம் சுத்தமா இருக்கும், சாப்பாட்டு நேரம் நெருங்கினதும் ஒரே பக்கத்துல அஞ்சு விழும். பக்கம் திரும்பற இடத்துல ஒளிஞ்சுக்கும். தலைப்புல நிக்கும், தலைப்பை எவனும் படிக்க மாட்டான்னு அதுக்குத் தெரியும். முப்பது வருஷம் அதுங்களோட குடித்தனம் பண்ணியிருக்கேன். அக்கா தோத்துடக் கூடாதுன்னு கண்ணுக்குத் தெரியற தப்பா பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கே."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "நீ தோத்துட்டா எனக்கு எப்படி இருக்கும்னு நினைச்சேன்க்கா. வேற எதுவும் இல்ல. இது ஏற்கெனவே முடிஞ்ச வேலை. போன மாசமே அச்சடிச்சு அனுப்பியாச்சு."

"அனுப்பிட்டியா?"

"அனுப்பியாச்சு."

"அப்போ இதையும் பாரு." இரண்டாவது தாளை வைத்தாள். அதில் மூன்றே வரி இருந்தது. "இது நீ போடாதது. முப்பத்தெட்டாம் பக்கத்து அட்டவணை அடுத்த பக்கத்துல தொடருது, ஆனா மேல இருக்கிறது வேற அட்டவணையோட தலைப்பு. குழாயோட அழுத்தத்தை நீளம்னு படிப்பான். ஏழாவது படத்துக்கும் எட்டாவது படத்துக்கும் கீழ இருக்கிற விளக்கம் இடம் மாறியிருக்கு. அம்பத்து ரெண்டுல, முதல்ல மூடவேண்டிய வால்வு இடதுன்னு எழுத்து சொல்லுது, வலதுன்னு படம் சொல்லுது. புகைக்குள்ள நின்னுட்டு ஒருத்தன் எதைடா நம்புவான்?"

தம்பி டிராயரைத் திறந்து தன் துண்டுச்சீட்டை எடுத்து அந்த மூன்று வரியோடு ஒப்பிட்டான். பிறகு அலமாரியிலிருந்து அச்சான கையேட்டை எடுத்து முப்பத்தெட்டாம் பக்கத்தைப் புரட்டினான். அடுத்து ஐம்பத்திரண்டு. புத்தகத்தை மூடாமலே மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"யாரு பார்த்தது இதை?" என்றாள்.

"நான்தான்" என்றான். "நீ இல்லாதப்போ எல்லாத்தையும் நான்தான் பார்த்தேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ தாள் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டும் தொம்மென்று விழுந்தது. திட்டுவதற்கு அவளுக்கு வண்டி வண்டியாக இருந்தது. தம்பியின் இரண்டு கைகளும் கவிழ்ந்த புத்தகத்தின்மேல் சும்மா கிடப்பதைப் பார்த்துவிட்டு, வேண்டியதை மட்டும் சொன்னாள்.

"போன் பண்ணு. கையேட்டை யாரும் இன்னும் பிரிக்க வேண்டாம்னு சொல்லு. திருத்தச் சீட்டு ஒண்ணு அடிச்சு எல்லாத்துலயும் ஒட்டணும். சீட்டு வாசகத்தை நான் எழுதறேன். மெய்ப்பையும் நான்தான் பார்ப்பேன். என் கம்ப்யூட்டர்ல, என் மேசையில."

"சரிக்கா."

"இனிமே என்கிட்ட விட்டுக்கொடுத்து விளையாடாதே. தோத்தா தோக்கறேன். அதையும் நானே பண்ணிக்கறேன்."

அவன் போனை எடுத்தான். அவள் வெளியே வந்து ஜன்னலோரம் போய் நின்றாள். பின்னாலேயே வந்த மெஷின்காரர் லேமினேஷன் மெஷினின் ஒரு முனையைப் பிடித்தார். பைண்டிங்கில் வேலை செய்யும் அம்மாள் இன்னொரு முனையைப் பிடித்தாள்.

"எங்க வைக்கட்டும் கமா?"

"உங்க முதலாளி மேசையில நிறைய இடம் இருக்கு. அங்க வைங்க."

இருவரும் ஒரு கணம் தயங்கி, ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, அங்கேதான் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்காலியிலிருந்த பிளாஸ்டிக் உறைகளைக் கமா தானே எடுத்தாள், ஒரு கையால், நாலைந்து நாலைந்தாக. பைண்டிங் அம்மாள் திரும்பி வந்து ஒரு அடுக்கை எடுக்கக் கை நீட்டினாள். கமா ஒரு பார்வை பார்த்தாள். அம்மாள் கையை இழுத்துக்கொண்டு, "சும்மா தூசி தட்ட வந்தேன்" என்றாள்.

அரைமணி நேரம் ஆயிற்று. கடைசி உறையையும் எடுத்துவிட்டு உட்கார்ந்து, மெஷின்காரர் கணக்கு அறையிலிருந்து கொண்டுவந்து வைத்த பெட்டியை ஓடவிட்டாள். கறுப்புத் திரை வந்தது. இரண்டு பொத்தானில் அதை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பக்கம் கையேடு, ஒரு பக்கம் வெற்றுத்தாள். போனில் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த தம்பியின் பேச்சு சுவர் தாண்டிக் கேட்டது. அவள் கட்டைவிரலை நீளப் பொத்தானில் வைத்து, திருத்தச் சீட்டின் முதல் சொல்லை அடிக்கத் தொடங்கினாள்.